மனைவியின் விசாவில் வந்தவன்

மனைவியின் விசாவில் வெளிநாடு வந்து குடித்தனம் பார்ப்பதும் ஓர் உத்தியோகம்தான். லீவு மட்டும் கிடையாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்டாட்டி பின்னால் விமானம் ஏறிய சக தியாகிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் நான் மேனேஜராக இருந்தவன். என் மனைவி கவிதாவுக்கு மலேசியாவின் பினாங்கில், பாயான் பாரு பக்கம் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் எஞ்சினியர் வேலை கிடைத்தது. நான் சமையல்கட்டுக்கு மாற்றலானேன்.

தீபாவளி நெருங்கும்போது, இன்னும் இரண்டு வருடம் இருக்க முடியுமா என்று ஆலையில் அவளைக் கேட்டார்கள். அவளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் "நீங்க சரின்னாத்தான்" என்று முடிவை என் தலையில் கட்டிவிட்டாள். "தீபாவளி முடியட்டும்" என்றேன். ஊருக்கே போய்விடலாம் என்று அதற்கு அர்த்தம்.

தலையாட்டிய வினை

மார்க்கெட்டில் மீன் விற்கும் சீன அம்மா, தட்டில் கானாங்கெளுத்தியைப் போட்டுவிட்டுப் போதுமா என்று சைகையில் கேட்டார். போதும் என்று நம்மூர் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். அவர் அதைப் 'போதாது' என்று எடுத்துக்கொண்டு மேலும் இரண்டைப் போட்டார். என்ன தாராள மனசு என்று பூரித்து மறுபடியும் ஆட்டினேன். பின்னால் நின்றவர்கள் சிரித்த பிறகுதான் இரண்டு கையையும் நீட்டித் தடுத்தேன். அந்த அம்மாவுக்கு வியாபாரத்துக்கு வேண்டிய தமிழ் தெரியும்; இந்த ஊர்ப் பழக்கப்படி கடைசியில் ஒரு 'லா'வும் சேர்ப்பார்.

"தம்பி, வேணும்னா வேணும் சொல்லு, வேணாம்னா வேணாம் சொல்லு. தலை ஆட்டாதே லா!"

எல்லாம் ஒரே தட்டில்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் 'நாசி கண்டார்' என்னும் சோறு-குழம்புக் கடை ஒன்று. தமிழ் முஸ்லிம் அண்ணன் ஒருவர் நடத்துகிறார். அங்கே சோற்றின் மேல் மீன், கோழி, பருப்பு என்று நாலைந்து குழம்பையும் ஒன்றாக ஊற்றிவிடுவார்கள். நான் முதலில் பருப்பு, பிறகு குழம்பு, கடைசியில் மோர் என்று வளர்ந்தவன். எல்லாவற்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் கேட்டேன். அண்ணன் கையில் கரண்டி அப்படியே நின்றது. வரிசை முனகியது. "சரி, ஊத்துங்க!" என்று எரிந்து விழுந்தேன். முதல் கவளத்திலேயே கோபம் போயிற்று. வெட்கத்தை விட்டு இரண்டாவது தட்டுக்குப் போய் நின்றேன். அண்ணன் சிரித்தார்.

"இத்தனை நாளா உங்க பெட்டி மட்டுந்தான் பினாங்குல இருந்துச்சு, தம்பி. இன்னிக்குத்தான் நீங்க வந்து சேந்திருக்கீங்க."

'வாங்க' என்றால் வருவார்கள்

"தீபாவளிக்கு வீட்டுக்கு வாங்க" என்று திருப்பூரில் எல்லோரிடமும் சொல்வோம். "கண்டிப்பா" என்பார்கள், யாரும் வரமாட்டார்கள். அதே பழக்கத்தில் எங்கள் அடுக்குமாடி லிஃப்டில் பார்த்தவரையெல்லாம் கூப்பிட்டு வைத்தேன்: மேல்மாடி மலாய்க் குடும்பம், பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர், வாசல் காவலாளி. இங்கே பண்டிகை என்றால் வீடு திறந்திருக்கும், வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டுத்தான் போவார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

தீபாவளி காலை. எதிர்வீட்டு சரோஜா அக்கா ஓடிவந்தார். "பசியாறிட்டீங்களா தம்பி? யாரையெல்லாம் கூப்பிட்டீங்க? லிஃப்ட் வாசல்ல ஒரே கூட்டம் லா!" வீட்டில் இருந்தது முறுக்கும் லட்டும்தான். கவிதாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்குள்ளோ பழைய மேனேஜர் திரும்பி வந்துவிட்டான். வந்தவர்களை முறுக்கையும் சர்பத்தையும் கொடுத்து உட்கார வைத்தேன். கவிதா வெங்காயம், அக்கா உருளைக்கிழங்கு, நான் அடுப்பு. அக்கா வீட்டுப் பெரிய பானையில் தக்காளி சாதம் கொதித்தது. சைவம் என்பதால் யாருக்கும் தயக்கமில்லை. வாசல் முழுக்கச் செருப்பு. மேல்மாடி அம்மா செய்முறை கேட்டார். சீனப் பெரியவர் ஒரு பொட்டலமும் கட்டிக்கொண்டார்.

பானையை வழித்தாகிவிட்டது. ஊரை விட்டு வந்த பிறகு அன்றுதான் நான் நாலு பேருக்கு வேண்டிய ஆளாக இருந்தேன். சந்தோஷம் தாங்கவில்லை. "ரெண்டு வருஷத்துக்கும் ஆலையில சரின்னு சொல்லிடு" என்று கவிதாவிடம் சொன்னேன். அவள் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"அப்ப அடுத்த வருஷத்துக்கு இதவிடப் பெரிய பானையா வாங்கிருங்க தம்பி, புக்கிட் மெர்தாஜாம்லேர்ந்து என் சொந்தக்காரங்களும் வருவாங்க லா!"

வெளிநாட்டில் காலூன்ற விசாவும் வீடும் வேண்டியதுதான், ஆனால் மரியாதைக்குக் கூப்பிட்டவர்கள் நிஜமாகவே வந்து சாப்பிட்டுவிட்டால் அப்புறம் ஊர் திரும்ப வழியே இல்லை, தியாகிகளே.