கறுப்புக் கரை போட்ட பிறந்தநாள்

பஞ்சாலை ஹெட்கிளார்க் ஆறுச்சாமிக்கு மானேஜர் துரை செய்வதெல்லாம் வேதம். துரை குடை பிடித்தால் இவரும் பிடிப்பார். மழை வருவதும் வராததும் மழையின் பாடு. பைக்காரா கரண்ட் கோயமுத்தூருக்கு வந்த வருஷம் துரை தம் பையனுக்குப் பிறந்தநாள் பார்ட்டி வைத்தார். மறு வருஷம் ஆறுச்சாமி தம் மகள் சாந்தாமணிக்கு வைத்தார். துரைசாணியே வருவதாக ஒப்புக்கொண்டாள். ஆபீஸ் சூப்பிரண்டு நாற்காலி காலியாகக் கிடந்த சமயம் அது. துரைசாணி ஒரு வார்த்தை சொன்னால் அது ஆறுச்சாமிக்குத்தான்.

அழைப்பு அடிக்க அச்சாபீசுக்குப் போனார். மாதிரி அட்டைகளில் தடித்த கறுப்புக் கரை போட்ட ஒன்று அவர் கண்ணைப் பறித்தது.

“ஏனுங்க, அது வந்து…” என்று இழுத்தார் அச்சாபீஸ் ஷேக் பரீத்.

“கோட்டு மாதிரி கம்பீரமா இருக்குதுங்க. இதையே போடுங்க.”

“மூலைக்கு மூலை மஞ்சளாச்சும் தடவித் தாரனுங்க.”

“துரைசாணி கையில ஒட்டுமுங்க. வேண்டாம்.”

வாசகம் முழுக்க இங்கிலீஷ். ஊர்ச்சனத்துக்காகக் குழந்தையின் பெயர் மட்டும் நடுவில் தமிழில். சத்தியமங்கலத்துப் பக்கம் இருந்த மைத்துனன் நஞ்சப்பனுக்கு அதில் ஒன்று தபாலில் போயிற்று.

பார்ட்டியன்று மேசைமேல் கேக். நாற்காலியில் துரைசாணி. ஆறுச்சாமி கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தெருமுனையில் இரண்டு மாட்டுவண்டிகள் நின்றன. இறங்கிய பெண்கள் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு, மாரில் அடித்தபடி வாசலுக்கு வந்து, தோளோடு தோள் கட்டி வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். நடுவில் நஞ்சப்பனின் மனைவி வள்ளியாத்தாள்.

“பவுனாட்டம் மொகத்தை இனி எங்க பாப்பேன் கண்ணு…”

சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து ஆறுச்சாமியின் மனைவி மயிலாத்தாள் ஓடி வந்தாள். அழுவது பிறந்த வீட்டுச் சனம். அங்கே யாரோ போய்விட்டார்கள் என்று அவளும் விழுந்து கட்டிக்கொண்டு அழுதாள். ஆறுச்சாமி கத்தியும் கையுமாக நடுவில் புகுந்தார்.

சாந்தாமணி புதுப் பாவாடையோடு போய் வள்ளியாத்தாளின் முந்தானையை இழுத்தாள்.

“அத்தை, ஆருக்கு அழுகறீங்க?”

“உனக்குத்தான் கண்ணு…” என்று ராகத்திலேயே சொன்ன வள்ளியாத்தாள் பாதியில் நிமிர்ந்தாள். அப்புறம் குழந்தையைத் தடவித் தடவிப் பார்த்து, நிஜமாகவே அழுதாள்.

நஞ்சப்பன் மடியிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். “நீங்கதானுங்க மாப்பிள்ளை, கறுப்புப் போட்டுத் தபால்ல உட்டிருந்தீங்க.”

அதற்குள் கைதட்டல் கேட்டது. துரைசாணி எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையை நடுவில் நிறுத்தி இத்தனை பேர் உருகிப் பாடும் பிறந்தநாளைத் தன் தேசத்தில் கண்டதே இல்லை என்றாள். சூப்பிரண்டு நாற்காலி ஒரு சாண் தூரத்தில் நின்றது. இது சாவுப் பாட்டு என்று சொல்ல ஆறுச்சாமியிடம் இங்கிலீஷும் இல்லை, தைரியமும் இல்லை. “எஸ் மேடம்” இருந்தது, அதைச் சொன்னார்.

துரைசாணி பெண்களைச் சுட்டிக் காட்டி இன்னும் ஏதோ சொன்னாள். அவர் முகம் வெளுத்தது. அதற்கும் “எஸ் மேடம்” என்றார்.

“என்னங்கண்ணா சொல்றாங்க அந்தம்மா?” என்று வள்ளியாத்தாள் மூக்கைத் துடைத்தபடி கேட்டாள்.

“அடுத்த மாசம் அவங்க பையனுக்குங்களாம். நீங்க எல்லாரும் பங்களாவுக்கு வந்து இதே மாதிரி பாடோணுமாம்.”

வள்ளியாத்தாள் துரைசாணியை ஏற இறங்கப் பார்த்தாள். கண் மறுபடி கலங்கியது.

“அடப் பாவமே. நாளே குறிச்சுட்டாங்களா? பையனுக்கு என்னங்கண்ணா சீக்கு?”