கரையான் அரித்த எலும்பு

கரிக்கலாம்பாக்கம் பக்கம் புதிதாக எழும்பிய மாடிவீடுகளில் பாதிக்கு முட்டுக் கொடுத்தவன் நான். கான்கிரீட் இறுகும்வரை தளத்தைத் தாங்கி நிற்கும் சென்ட்ரிங் சாமான்கள் அத்தனையும் என் சொந்தச் சம்பாத்தியம். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் பாரம் எந்தப் பக்கம் இறங்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். அதை எனக்குப் பள்ளிக்கூடம் சொல்லித்தரவில்லை, ஓர் ஆட்டுக்கால்தான் சொல்லித்தந்தது.

அத்தா, என்னைப் பெற்ற தகப்பன், வில்லியனூரில் அரிசி மூட்டை தூக்கினார். ஒருநாள் லாரியிலிருந்து மூட்டையோடு விழுந்து, இடுப்புக்குக் கீழே தொடை எலும்பு முறிந்தது. மாதக்கணக்கில் படுக்கை. எலும்பு கூடிவிட்டது, இனி ஊன்றி நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும், மறுபடி முறிந்துவிடும் என்று பயந்து அத்தா காலைத் தரையில் வைக்கவில்லை. அவர் நடந்தால்தான் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியும்.

அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்த நான், அவருடைய எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எலும்பின் தலைப்பக்கமெல்லாம் வலைவலையாக ஓட்டை. எங்கள் கதவு நிலையைக் கரையான் அரித்திருந்ததும் அப்படித்தான். யாருக்கும் தெரியாததைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று, கறிக்கடை வைத்திருந்த தாய்மாமாவிடம் ஓடினேன்.

"மாமா, அத்தா எலும்ப கரையான் தின்னுடுச்சி!"

"இன்னாடா சொல்ற? உங்கத்தா இன்னா கதவா?"

கறி வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்காமல், ஓர் ஆட்டுத் தொடையெலும்பின் குமிழை ரம்பத்தால் அறுத்துக் காட்டினார். பிய்த்த பன்னைப்போல உள்ளே பொடிப்பொடியாய் ஓட்டைகள். ஓட்டைக்குள் சிவப்பாய் ஈரம்.

"இதயும் கரையானா தின்னுச்சி? ரத்தம் ஊறுற எடம்டா இது. முழுக்க கெட்டியா இருந்தா ஆடு கால தூக்கவே முடியாது. தாங்காதுன்னு நெனைக்கிறியா? ஏறி நில்லு."

வெட்டுக்கட்டையில் குமிழைக் கவிழ்த்து, மேலே பலகை வைத்தார். வகுப்பிலேயே கனத்த பையன் நான். மாமா கையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். நொறுங்கவில்லை. உள்ளே இருந்தவை மெல்லிய எலும்புக் கம்பிகள்தான். ஆனால் பாரம் இறங்கும் திசை பார்த்து நின்றன. என் முட்டுகளும் இன்றைக்கு அப்படித்தான் நிற்கின்றன.

குமிழைத் தாளில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். "அத்தா, ஓட்டையா இருந்தாலும் தாங்குது. நானே ஏறி நின்னேன். ஏந்திரிங்க!"

அத்தா அதை வெகுநேரம் உருட்டிப் பார்த்தார். "உன்னயே தாங்குச்சாடா? அப்ப என்னயும் தாங்கும்" என்று சிரித்தார். பிறகு கட்டிலோரம் நகர்ந்து, என் தோளில் கையை அழுத்தி எழுந்து நின்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அத்தாவை நான்தான் எழுப்பினேன் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவர் நடந்தார், மூட்டை மட்டும் தூக்க முடியவில்லை. அடுத்த வருஷம் நான் ஆறாம் வகுப்புக்குப் போகவில்லை. சென்ட்ரிங் பலகை சுமக்கப் போனேன். அத்தா எழுந்து நின்ற அன்று என் தோளில் இறங்கியது வெறும் கை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.