எஷ்முராத்தின் தகரக் கோழிக்கூண்டு

எஷ்முராத்தைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லித் தொடங்கலாம் என்று யோசித்துப் பார்த்தேன். குரல் நல்ல கனமான குரல். அதற்கு மேல் எதுவும் அகப்படவில்லை.

எங்கள் ஷெராபாத்தில் பருத்தி எடை போடும் இடத்தில் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தவர். நாள் முழுக்கக் குனிந்து பருத்தி பறித்த பெண்கள் நாங்கள் மூட்டையோடு வெயிலில் நிற்போம். இவர் நிழலில் இருந்தபடி, "பாதி ஈரம், பாதி மண்ணு" என்று முனகிவிட்டு எடையைக் குறைத்துச் சொல்வார். பருத்திச் செடியை ஒரு நாளும் தொட்டதில்லை. ஆனால் பருத்தியைப் பற்றிப் பேசாத நாளும் இல்லை. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்ததும் பேசுவதற்குப் புதிதாக ஒன்று வேண்டியிருந்தது. கோழியைப் பிடித்துக்கொண்டார்.

அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே நெஞ்சளவு மண்சுவர்தான். அவர் மனைவி ஹோசியத் அக்கா முசுக்கட்டை மரத்தடியில் ஐந்து நாட்டுக் கோழிகள் வைத்திருந்தார். வாய்க்கால் ஓரத்து ஈர மண்ணைக் கிளறி அதிலேயே படுத்துக் கிடக்கும், எந்த வெயிலுக்கும் அசையாத கோழிகள். "இதெல்லாம் கோழியாடி? காக்காய்க்குத் தூரத்துச் சொந்தம்" என்று எஷ்முராத் மனைவியிடம் சொல்லி, அவற்றைப் பிடித்துச் சுவருக்கு மேலாக என் பக்கம் தள்ளிவிட்டார். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று ஏன் சொல்ல வேண்டும்?

அப்புறம் நாற்பது வெள்ளைக் கோழிகள் வந்தன. அவற்றுக்கு ஒரு கூண்டு. கூரை தகரம், நான்கு பக்கமும் தகரம், பக்கத்துக்கு ஒரு சிறு சன்னல். அதையும் மரத்தடியில் கட்டவில்லை, முற்றத்தின் நடுவில், தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி கட்டினார். கதவில் ஒரு வெப்பமானியை வேறு தொங்கவிட்டார்.

சில்லா தொடங்கியது. ஜூன் கடைசியில் பிடித்தால் நாற்பது நாள் விடாத வெயில் அது. தெற்கேயிருந்து சுடுகாற்று மண்ணை வாரிக்கொண்டு வரும். நாய்கள் வாய்க்கால் தண்ணீரில் கழுத்து வரை இறங்கிக் கிடக்கும். வெள்ளைக் கோழிகள் வாயைத் திறந்து, இறக்கையை விரித்து மூச்சிரைத்தன.

"ஏங்க, காத்து வர்ற சன்னல்ல ஒட்டகமுள்ளுச் செடியை அடைச்சுத் தண்ணி ஊத்துவோம்ங்க. சுடுகாத்து முள்ளுக்குள்ள பூந்து குளுகுளுன்னு வரும். எங்கப்பா வீட்டுல அப்படித்தான் செய்வாங்க" என்று ஹோசியத் அக்கா சொன்னது எனக்கே கேட்டது.

"உங்கப்பன் வீட்டுல எழுதப் படிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தனாவது இருந்தானாடி? நான் போன்ல பாத்திருக்கேன். வெளிச் சூடு உள்ள வரவே கூடாது. அதுதான் அறிவு."

அந்த அறிவு என்ன செய்தது தெரியுமா? சன்னல்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் தாள் ஒட்டியது. உள்ளே ஒரு மின்விசிறியைச் சுழலவிட்டது. கோழிக்குத் தெம்பு வேண்டுமாம், உச்சி வெயிலில் வயிறு முட்ட மக்காச்சோளம் போட்டது. வேகாத வெயிலில் தீனி தின்றால் கோழியின் உடம்பே அடுப்பாகிவிடும் என்பது எங்கள் ஊரில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

ஜூலையில் ஒரு நாள் ஹோசியத் அக்கா பக்கத்து ஊரான அங்கோரில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தார். எஷ்முராத் மதியம் சாப்பிட்டுவிட்டு உள்ளே படுத்துவிட்டார். வெப்பமானி நாற்பத்தேழு காட்டிய வேளையில் மின்சாரம் போனது. கூண்டுக்குள் விசிறிச் சத்தம் நின்றது. கோழிச் சத்தமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

சுவரோரம் நின்று கூப்பிட்டேன். "அண்ணே! எஷ்முராத் அண்ணே! கரண்டு போயிருச்சு, கூண்டுக் கதவைத் திறந்து விடுங்க!"

உள்ளிருந்து அந்தக் கனமான குரல் வந்தது. "தெரிஞ்சவங்க பேசட்டும், ஷராபத். நீ போய் ரொட்டியைப் பாரு."

நான் போனேன். சுவரைத் தாண்டிப் போய்த் திறந்துவிட்டிருக்கலாம். முப்பத்திரண்டு வருட மூட்டைகள் நெஞ்சில் கனத்தன. நன்றாக வேண்டும் இவருக்கு என்று நினைத்துக்கொண்டே போய்ப் படுத்தேன். கோழி என்ன பாவம் செய்தது என்று அப்போது தோன்றவில்லை. என்னைப் பற்றிச் சொல்லவும் இதில் பெருமையாக எதுவும் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து அவர் அலறியது தெரு முழுக்கக் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். பாதிக் கோழி செத்துக் கிடந்தது. பிழைத்திருந்தவற்றின் மேல், பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரை வாளியோடு கவிழ்த்துக்கொண்டிருந்தார். வெந்து கிடந்த உடம்பில் அந்தக் குளிர் பட்டதும் மேலும் சில அப்படியே சுருண்டு விழுந்தன. உடனே கத்தியை எடுத்துக்கொண்டு, உயிர் இழுத்துக்கொண்டிருந்தவற்றின் பின்னால் 'பிஸ்மில்லா' சொல்லியபடி ஓடினார். அறுத்ததில் இரண்டை எனக்கு நீட்டினார்.

"எடுத்துக்கம்மா, நல்ல கறி."

"வேணாம்ண்ணே. எங்க வீட்டு நாய்க்கும் இன்னைக்குப் பசி இல்ல."

சாயங்காலம் ஹோசியத் அக்கா வந்தார். மிச்சமிருந்த ஒன்பதையும் வைக்கோல் போடும் மண் அறைக்குத் தூக்கிப் போனார். தரையில் தண்ணீர் தெளித்தார். கோழிகள் கால் நனைக்கும்படி அகலத் தாம்பாளத்தில் கிணற்றுத் தண்ணீர் வைத்தார். தர்பூசணித் தோலைப் போட்டார். சன்னலில் முள்ளை அடைத்து நனைத்தார். மறுநாள் ஒன்பதும் எழுந்து நின்றன.

எஷ்முராத் அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தேநீர்க் கடைக்குப் போய், "நான் ஐஸ் தண்ணி ஊத்தலேன்னா அந்த ஒம்பதும் போயிருக்கும்" என்றார். செத்த முப்பத்தொன்றுக்கும் காரணம் என் கண்ணேறாம். பேச்சு அன்றே ஹோசியத் அக்கா காதுக்கும் வந்தது.

மூன்றாம் நாள் காலையில் வாசலில் வாடகைக் கார் நின்றது. அக்கா இரண்டு முலாம்பழக் கூடைகளில் ஒன்பது கோழிகளை வைத்து, மேலே ஈரத்துணி கட்டி எடுத்து வந்தார். பாய்சூன் மலையில் அவர் தம்பி வீடு இருக்கிறது. அங்கே சில்லாவிலும் ராத்திரி போர்த்திக்கொண்டுதான் படுக்க வேண்டும்.

"கோழியெல்லாம் சீட்டுல உக்காருமாக்கா?" என்றான் ஓட்டுநர்.

"உன்னை விட ஒழுங்கா உக்காரும். வண்டியை எடு."

எஷ்முராத் பனியனோடு ஓடி வந்தார். "அடியே, எனக்குச் சோறு யாருடி பொங்குவா?"

"உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றார் அக்கா. வண்டி போய்விட்டது.

மூன்று நாளில் வந்துவிடுவார் என்று இவர் எல்லோரிடமும் சொன்னார். பத்து நாள் ஆனது. காய்ந்த ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றார். மிஞ்சினால் ஒரு துண்டு முலாம்பழம். இருபதாம் நாள் அக்கா போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "முள்தட்டி கட்டியாச்சா?"

அன்று சுவரோரம் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். "ஷராபத்... அந்த முள்ளு... அதை எப்படிக் கட்டணும்?"

"தெரிஞ்சவங்க பேசட்டும்ண்ணே" என்றேன்.

அவர் போகவில்லை. தலை குனிந்து அங்கேயே நின்றார். கடைசியில் சொல்லிக்கொடுத்தேன். முள்ளை விடிகாலையில் வயல் ஓரத்தில் வெட்ட வேண்டும், பாப்ளார் மரக் குச்சியில் இரண்டு சட்டம் செய்து நடுவே ஒரு சாண் கனத்துக்கு அடைக்க வேண்டும், காற்று வரும் பக்கம் நிறுத்த வேண்டும். பருத்திச் செடியைக்கூடத் தொடாத மனிதரின் கை எவ்வளவு மென்மையாக இருக்கும் என்று அப்போதுதான் பார்த்தேன். இரண்டு கையிலும் ரத்தம். வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே கட்டினார். தட்டி கோணல்தான். தகரக் கூண்டைப் பிரித்து மரத்தடிக்குக் கொண்டுபோனதும் அவரேதான். கூரைக்குத் தகரம் வேண்டாம், நாணல் போடுங்கள் என்றேன். எதிர்த்துப் பேசாமல் போட்டார்.

ஆகஸ்ட்டில், சில்லா இறங்கிய பிறகு அக்கா ஒன்பது கோழிகளோடு வந்தார். தட்டியைச் சுற்றிப் பார்த்தார். ஓர் இடத்தில் விரலை விட்டு, "இங்க ஓட்டை" என்றார். எஷ்முராத் அடைத்தார்.

அடுத்த கோடையில் ஒரு கோழியும் சாகவில்லை. தினமும் நான்கு முறை முள்ளுக்குத் தண்ணீர் ஊற்றுவது எஷ்முராத்தின் வேலை. ஊற்றிக்கொண்டே, தெருவில் போகிறவர்களை நிறுத்தி வைத்துப் பேசுகிறார். "இது நானே யோசிச்சுப் பண்ண ஏற்பாடு. காத்தோட கணக்கு தெரியணும்."

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அக்காவிடம் கேட்டேன். "எப்படிக்கா இதைக் கேட்டுக்கிட்டு இருக்கீங்க?"

அக்கா மாவு பிசைந்துகொண்டிருந்தார். "சொல்லிட்டுப் போகட்டும், ஷராபத். தண்ணி ஊத்துறாரில்ல."

எனக்கு அந்தப் பெரிய மனசு கிடையாது. அவர் வாளியை எடுத்துக்கொண்டு கனைத்தால், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன்.