எதிர்க்கட்சி சிஸ்டர்

"சாமி இருக்குன்னு எத வச்சுச் சொல்ற?" என்று கேட்டுக்கொண்டே தேவமணி சிஸ்டர் அந்தப் பெண்ணின் முழங்கையில் ஒட்டிப்போயிருந்த துணியின் ஓரத்தில் உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். துணி ஊற வேண்டும். ஊறாமல் இழுத்தால் தோலோடு வரும்.

முத்துச்செல்வி பட்டாசு ஆலையில் திரி வெட்டும் வேலைக்குப் போய் இரண்டு கைகளையும் தீயில் கொடுத்துவிட்டு வந்தவள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "ஏன் இல்லாம? ஆத்தா காப்பாத்தப் போயித்தான நான் உசுரோட கெடக்கேன்?"

"காப்பாத்துறவ தீப் பிடிக்கதுக்கு முந்தியே காப்பாத்தியிருக்கலாம்ல? கைய வேக வச்சிட்டு அப்புறமா வருவாளாக்கும்?"

"அக்கா, வாயக் கழுவுங்க! நீங்க வேதக்காரவுகன்னா எங்க ஆத்தாவப் பேசுவீகளா?"

"எங்க ஆண்டவரையும் சேத்துத்தான் சொல்றேன். அவரு மட்டும் எங்கன வந்து நின்னாரு?"

முத்துச்செல்விக்கு வந்த கோபத்தில் தலை தானாகத் தலையணையை விட்டு எழும்பியது. மாரியம்மனுக்காக அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. தங்கச்சிக்கு அம்மை இறங்கியது, காணாமல் போன அப்பா பங்குனிப் பொங்கலன்று தானாக வீடு திரும்பியது. அவள் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தபோது பழைய துணி முழுவதும் கழன்று எனாமல் தட்டில் கிடந்தது. சிஸ்டர் வெள்ளைக் களிம்பைப் பூசி, புதுத் துணியைச் சுற்றி, "சரி, இன்னைக்கி நீ ஜெயிச்சிட்ட. நாளைக்கி வேற பாயிண்ட்டு கொண்டாரேன்" என்றபடி தள்ளுவண்டியை அடுத்த கட்டிலுக்கு உருட்டினார்.

அடுத்த கட்டில்காரர் சாமியாவது பூதமாவது என்கிற ரகமாக இருந்தால், அங்கே சிஸ்டர் கடவுளுக்காக வாதாடுவார். இருக்கு என்பவரிடம் இல்லை, இல்லை என்பவரிடம் இருக்கு. அந்த அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் துப்புரவு வேலை செய்கிற பெண்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் எதிர்க்கட்சி சிஸ்டர். அவருக்கும் தெரியும். கேட்டும் கேளாததுபோல் போய்விடுவார்.

இதை அவர் திட்டம் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. வலிக்கு ஊசி போடுகிறார்கள்தான். ஆனால் கட்டுப் பிரிக்கிற வலிக்கு அந்த ஊசி எட்டாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சினிமா பேசிப் பார்த்தார்; யாரும் காது கொடுக்கவில்லை. பிள்ளைகளைப் பற்றிக் கேட்டுப் பார்த்தார். அழுகை இரண்டு மடங்கானது. ஒருநாள் ஏதோ அலுப்பில், "இதையெல்லாம் பாத்துக்கிட்டு ஒருத்தர் மேல இருக்காருங்கீக?" என்று வாய்தவறிக் கேட்டார். படுத்திருந்த கிழவர் கொதித்து எழுந்து சண்டைக்கு வந்தார். சண்டை முடிவதற்குள் கட்டு மாற்றியாகிவிட்டது. கோபம் வந்தால் வலி சற்று நேரம் ஒதுங்கி நிற்கிறது. சாமியைப் பற்றிப் பேசினால் இந்தப் பக்கத்தில் யாருக்கும் கோபம் வரும். அவ்வளவுதான் அவருடைய தத்துவம்.

திருத்தங்கலில் வீடு. காலைப் பஸ்ஸில் வருகிறார், மாலைப் பஸ்ஸில் திரும்புகிறார். உட்கார இடம் கிடைத்தால் முழங்காலை நீட்டி நீவிவிட்டுக்கொள்வார். ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்டார். வீட்டுக்காரர் சுந்தர்ராஜ் காலண்டர் அடிக்கிற அச்சகத்தில் மெஷின் பார்க்கிறார். லட்சுமியும் இயேசுவும் ஒரே மெஷினில், ஒரே மையில், அடுத்தடுத்த ஆர்டராக அவர் கைவழியே வெளியே வருகிறார்கள். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் அவர் கேட்பது ஒன்றுதான். "இன்னைக்கி எந்தக் கட்சி ஜெயிச்சுது?"

"ரெண்டும் தோத்துப்போச்சு. சோத்தப் போட்டுத் தின்னுங்க" என்பார் சிஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவார். பிரசங்கம் தொடங்கியதும் தூங்கிவிடுவார். ஆஸ்பத்திரிக்கு ஜெபம் செய்ய வருகிற குழுவில் யாரோ சொல்லி, விஷயம் போதகர் காதுக்குப் போனது. ஆராதனை முடிந்து அவரை நிறுத்திக் கேட்டார். "சிஸ்டர், ஆண்டவர் இல்லைன்னு வார்டுல பேசுறீங்களாமே?"

"ஆமாங்கய்யா. சிலபேருகிட்ட இல்லைன்னு, சிலபேருகிட்ட இருக்காருன்னு."

"இது விளையாடுற விஷயமா?"

"வெளையாட்டுக்கு இல்லைங்கய்யா. வலிக்கு."

போதகர் நல்ல மனிதர். "உங்களுக்கு உள்ள எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். இரண்டு பக்கத்துக்கும் மாறி மாறிப் பேசிப் பேசி, சிஸ்டருக்குத் தன்னுடைய இடம் எது என்பதே மங்கிப்போயிருந்தது. அதை உட்கார்ந்து யோசிக்கிற தெம்பும் இல்லை.

கருப்பணன் வந்தது தீபாவளிக்கு முந்தைய சீசனில். சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையில் தீ. கூட இருந்தவர் அங்கேயே போய்விட்டார். உராய்வே காரணம் என்று பேப்பரில் ஒரு வரி வந்தது. கருப்பணனுக்கு ஊரில் நிலம் உண்டு. மழை பொய்த்த வருஷங்களில் ஆலைக்குப் போகிறவர். அவர்கள் வீட்டுக்கு ஊர்க் கோயிலில் முதல் மரியாதை. அவர் மட்டும் அந்தக் கோயிலுக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. கட்டுத் துணிக்குள் கண்ணும் வாயும் மட்டும் தெரிய, உடம்பில் போர்வை படாமலிருக்கப் போட்ட கம்பிக் கூண்டுக்குள் கிடந்தார்.

முதல் நாளே, அவர் சாமி கும்பிடாதவர் என்று தெரிந்துகொண்டு, சிஸ்டர் வழக்கப்படி ஆரம்பித்தார். "சாமி இருக்குன்னு நான் சொல்றேன் அண்ணாச்சி. இல்லைன்னு நீங்க காட்டுங்க பாப்போம்."

"இல்லாதத எப்படிம்மா காட்டுறது? என் கட்டிலுக்கு அடியில யானை இல்லைன்னு நீங்க காட்டுங்க."

"குனிஞ்சு பாத்தாத் தெரிஞ்சிரும்ல?"

"நானும் குனிஞ்சு பாத்தவன்தான். முந்தி ஒரு தடவ எங்க ஊருப் பக்கம் ஷெட்டு வெடிச்சு இடிஞ்சப்ப ஒவ்வொரு கல்லாப் பொரட்டிப் பொரட்டிப் பாத்தேன். ஆளுகதான் கெடந்தாக. வேற யாரும் இல்ல."

சிஸ்டரின் கை ஒரு கணம் நின்றுவிட்டது. மற்றவர்களிடம் கோபம் வரும். இவரிடம் கோபமே இல்லை. நெடுநாள் யோசித்துப் பழகிய குரல்.

அன்றிலிருந்து கருப்பணனின் கட்டிலைக் கடைசியாக வைத்துக்கொண்டார். அங்கே அவசரப்பட வேண்டியதில்லை.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஆலையில பூசை" என்றார் கருப்பணன் ஒருநாள். "ஆனா சூடம் மட்டும் கேட்டுக்கு வெளியதான் கொளுத்துவாக. உள்ள நெருப்பு ஆகாதுல்ல. சாமிய நம்பி ஒரு தீக்குச்சிய உள்ள விட மாட்டாக. சாமிய நம்பி எங்கள மட்டும் உள்ள விடுவாக."

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு தன் கட்சியைப் பேசினார். "நடந்தது அநியாயம்னு சொல்றீகல்ல? வெறும் மருந்தும் உராய்வும் மட்டுந்தான் உலகம்னா, உரசுச்சு, வெடிச்சுச்சு, முடிஞ்சு போச்சு. எதுக்குக் கொதிக்கீக? அநியாயம்னு ஒண்ணு தெரியுதுன்னா நியாயம்னு ஒண்ணு எங்கயோ இருக்கணும்ல?"

கருப்பணன் கட்டு மாற்றி முடிக்கும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் சிஸ்டர் வண்டியோடு வந்து நிற்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"செத்தவன் எங்கூட உக்காந்து ஒரே தூக்குல சோறு தின்னவன். அவனுக்காக நான் கோவப்படுறதுக்கு மேலேருந்து ஒருத்தரு உத்தரவு குடுக்கணுமா சிஸ்டரு? என் கோவம் என்னது. யாரும் குடுக்கல."

பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை சிஸ்டர் அதற்குப் பதில் தேடினார். கிடைக்கவில்லை. தேடுவது பிடித்திருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு, யாருடைய கட்டையும் பிரிக்காத நேரத்தில் அவர் கடவுளைப் பற்றி யோசித்தார்.

கருப்பணனின் மனைவி வெள்ளைத்தாய் வராந்தாவிலேயே கிடந்தார். குலசாமிக்கும் மாரியம்மனுக்கும் மாற்றி மாற்றி நேர்ந்துகொண்டிருந்தார். சிஸ்டர் வெளியே வரும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொள்வார். "நீங்க சொன்னாக் கேப்பாக சிஸ்டர். ஒரு தடவ ஆத்தான்னு சொல்லச் சொல்லுங்க. ஒரு தடவ போதும்."

சிஸ்டர் தலையாட்டிவிட்டுப் போவார். கருப்பணனிடம் அதைச் சொன்னதில்லை.

பிறகு காய்ச்சல் கண்டது. புண்ணில் பச்சைச் சீழ் படர்ந்தது. அந்த வாடையைச் சிஸ்டர் வாசலிலேயே உணர்ந்தார். எத்தனையோ பேரிடம் முகர்ந்த வாடை. இன்று கட்டைத் தொட வேண்டாம், தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிஸ்டர் குளுக்கோஸ் பாட்டிலை மட்டும் மாற்றிவிட்டுத் திரும்பினார்.

"சிஸ்டரு" என்று கருப்பணன் கூப்பிட்டார். "இன்னைக்கித்தான் கட்டுப் பிரிக்கலல்ல. வலிக்காகச் சொல்லாம நெசத்தச் சொல்லுங்க. இருக்கானா?"

இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த வார்டில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"தெரியல அண்ணாச்சி. காலையில வரும்போது இருக்காருன்னு நெனச்சுத்தான் வாரேன். சாயங்காலம் போகும்போது அம்புட்டு நிச்சயமா இருக்க மாட்டேங்குது. மறுநா காலையில எந்திரிச்சா, மறுபடி முழங்கால் போட்டுருதேன்."

"அது நியாயமாப் படுதா ஒங்களுக்கு?"

"நீங்க கேக்குற நியாயத்துக்கு அது நிக்காது. ஆனா விட முடியல."

கருப்பணன் கண்ணை மூடித் திறந்தார். "என்னால பிடிக்க முடியல. ஒங்களால விட முடியல." முகத்தைச் சிஸ்டர் பக்கம் திருப்பினார். "ஒரு ஒத்தாச செய்யணும். எங்க வீட்ல கேப்பா, கடைசியில சாமி பேரச் சொன்னாகளான்னு. பாவம்னு நெனச்சு சொன்னாகன்னு சொல்லீராதீக. அவ ஆசைக்கு அவ என்ன செய்யணுமோ செய்யட்டும், நான் வேண்டாங்கல. ஆனா நான் நம்புனேன்னு சொல்லக்கூடாது. என்கிட்ட மிச்சம் இருக்கது அந்த ஒண்ணுதான்."

"சொல்ல மாட்டேன் அண்ணாச்சி."

"சத்தியமா?"

"எது மேல சத்தியம் பண்ணச் சொல்றீக?"

கருப்பணனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலானது. சிஸ்டர் அவர் கழுத்துக்குப் பின்னால் கை கொடுத்துத் தாங்கி, பஞ்சில் தண்ணீர் தொட்டு உதட்டை நனைத்தார்.

மறுநாள் மதியத்துக்கு முன் கருப்பணன் போய்விட்டார். தண்ணீர் கேட்டார், கொடுத்தார்கள். வேறொன்றும் சொல்லவில்லை.

வெள்ளைத்தாய் அப்போது அங்கே இல்லை. விடிந்ததும் முதல் பஸ் பிடித்து இருக்கன்குடிக்குப் போயிருந்தார். மாரியம்மன் கோயில் திருநீற்றைக் காகிதத்தில் மடித்து, கைக்குள் பொத்திக்கொண்டு வந்து சேர்ந்தபோது, கம்பிக் கூண்டை எடுத்துவிட்டுப் போர்வையை முழுதாக இழுத்துவிட்டிருந்தார்கள். அவர் கத்தவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சாமி பேரச் சொன்னாகளா சிஸ்டர்?"

சொன்னாக என்று ஒரு வார்த்தை. தேவமணி சிஸ்டர் அந்த வார்டில் இல்லாததை இருக்கு என்றும் இருப்பதை இல்லை என்றும் எவ்வளவோ சொன்னவர். இன்னும் ஒன்று சொல்வதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைக்கத்தான் செய்தார். அந்த அம்மாளின் கண்ணைப் பார்க்க முடியாமல் அவர் கையிலிருந்த காகிதப் பொட்டலத்தைப் பார்த்தார்.

"இல்லம்மா. சொல்லல."

"நீங்க கேட்டீகளா?"

"காது குடுத்துக் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். கடைசியில தண்ணி மட்டும் கேட்டாக."

"வீம்பு" என்றார் வெள்ளைத்தாய். "கல்யாணத்தன்னைக்கும் இதே வீம்புதான். கும்புட மாட்டேன்னுட்டு நின்னாக." உதடு கோணியது. "அப்ப இவுக எங்க போவாக சிஸ்டர்?"



வெள்ளைத்தாய் போர்வையை முகத்திலிருந்து விலக்கி, பொட்டலத்தைப் பிரித்தார். திருநீற்றில் விரலைத் தோய்த்து எடுத்தவர், முகத்தைப் பார்த்து அப்படியே நின்றார். பூச இடமில்லை. நெற்றி முழுக்கச் சிஸ்டர் சுற்றிய கட்டு.

"போலீஸ் கேஸு சிஸ்டர்" என்று துப்புரவுக்காரப் பெண் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள். "போஸ்ட்மார்ட்டம் முடியாம கட்டத் தொடக்கூடாதும்பாக."

அது அவளைவிடச் சிஸ்டருக்குத் தெரியும். தள்ளுவண்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். உயிரோடு இருப்பவருக்குச் செய்வதுபோலவே, விரலை அடியில் கொடுத்துத் தூக்கி, வலிக்காமல், நெற்றிக்கு நேராகக் கட்டை வெட்டி விலக்கினார். தீப் பிடித்த அன்று தலையில் இறுக்கிக் கட்டியிருந்த துண்டு காப்பாற்றிக் கொடுத்த இடம் அது. தோல் கருகாமல் பழுப்பாக, கருப்பணனுடையதாகவே இருந்தது.

வெள்ளைத்தாய் திருநீற்று விரலை நெற்றிக்குக் கொண்டுபோனார். தேவமணி சிஸ்டர் குனிந்து, திருநீறு உதிர்ந்து கண்ணில் விழுந்துவிடாமல், மூடியிருந்த அந்த இமைகளின் மேல் தன் உள்ளங்கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டார்.