வரிசையில் வைத்த பிள்ளை

ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த சந்தில் என் மகளை மெச்சாத பெண்பிள்ளை கிடையாது. நாலு வயது. அழமாட்டாள், எதையும் கேட்கமாட்டாள், கூப்பிட்டால் திரும்பமாட்டாள். உட்கார வைத்த இடத்தில் அப்படியே இருப்பாள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் சமத்து. பெற்ற எனக்கு அது வேறு என்னவோ என்று படும். ஆனாலும் பாராட்டு யாருக்குக் கசக்கிறது?

அப்போது ரேஷன் அரிசிக்கு விடிந்ததுமே வரிசை நிற்கும். பையை வைத்து இடம் பிடிப்பார்கள். பையை யாரும் தள்ளிவிடலாம். பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால் தள்ளமாட்டார்கள். இதைக் கண்டுபிடித்த மேதை எங்கள் எதிர்வீட்டுக்காரி.

"உன் பொண்ணைக் குடுடி. எங்க நாலு பேர் பைக்கும் காவலா குந்திகினு இருக்கட்டும்" என்று தூக்கிப் போவாள். நானும் பெருமையாகவே கொடுத்தனுப்பினேன்.

ஒருநாள் அரிசி வரவில்லை என்று கடையை மூடிவிட்டார்கள். நாலு பேரும் சந்துக்குத் திரும்பினார்கள். என் மகளைக் காணோம். ஓடிப்போய்ப் பார்த்தால், மூடிய கதவுக்கு முன்னால், உச்சி வெயிலில், வைத்த இடத்திலேயே தனியாக உட்கார்ந்திருந்தாள்.

இடுப்பில் தூக்கி வந்து எதிர்வீட்டுக்காரியைக் கேட்டேன். அவள் முகத்தைச் சுளித்தாள்.

"கடை மூடுனா எந்திரிச்சு வரத் தெரியாதா? இன்னா புள்ளடி பெத்து வெச்சிகீற."

அவள் கையில் பை மடித்தபடி இருந்தது. நாலு பேரில் ஒருத்திகூடப் பையை மறந்துவிட்டு வரவில்லை.