திண்டிவனத்தில் திங்கட்கிழமை மழை

வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பம் போடுவதும் ஓர் உத்தியோகம்தான். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ஊரில் இருக்கிற அத்தனை பேரும் மேலதிகாரி. போட்டுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். அவர்கள் இந்நேரம் பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

அறுபதுகளில், ஏரி, மதகு, வாய்க்கால் பார்க்கிற ஒரு சர்க்கார் ஆபீசில் நான் ஜூனியர் இன்ஜினியர். இருப்பு விழுப்புரம், திண்டிவனம் வரைக்கும் என் பொறுப்பு. படித்தது சிவில். கரையை எவ்வளவு உயரம் போடுவது என்று புத்தகத்தில் இருக்கும். மழை எவ்வளவு பெய்யும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஓர் ஐப்பசியில் நானே அளந்து போட்ட கரை என் கண் முன்னால் உடைந்தது. நெல் அத்தனையும் மிதந்துகொண்டு போனது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது. மழை எங்கிருந்து வருகிறது என்று படித்தே தீருவது என்று, அமெரிக்காவில் வளிமண்டல இயல் சொல்லித்தரும் நான்கு பல்கலைக்கழகங்களுக்கு எழுதிப் போட்டேன்.

காத்துக்கு ஒரு காலேஜ்

எங்கள் வீடு திருவெண்ணெய்நல்லூர் பக்கம். அப்பாவுக்கு விவசாயம். லீவுக்குப் போயிருந்தபோது விஷயத்தை மெதுவாக எடுத்தேன். அப்பா களத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காய வைத்துக்கொண்டிருந்தார். “வளிமண்டலம்னா இன்னாடா?” என்றார். காற்று, மேகம், மழை, இதெல்லாம்தான் அப்பா என்றேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு காற்று அடித்ததே பார்க்கணும்! களத்தில் இருந்த சருகும் தூசியும் எங்கள் இரண்டு பேர் தலையிலும். அப்பா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: “இங்க அடிக்கிற காத்து உனுக்குப் போதலையா? இதப் படிக்க கப்பலேறிப் போவணுமா?”

கேட்காமல் கிடைத்த பதவி

விண்ணப்பம்தான் போட்டிருந்தேன், சீட்டு வரவில்லை. ஆனால் விழுப்புரம் ஜங்ஷன் டீக்கடையில் அதற்குள் எனக்குப் பதவி கொடுத்துவிட்டார்கள். “மழை இன்ஜினியர் வந்துட்டாரு, ஒரு டீ போடு” என்பார் கடைக்காரர். கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவர், செங்கல் சூளைக்காரர், கரும்பு வெட்ட ஆள் பேசி வைத்திருப்பவர் என்று ஒவ்வொருத்தராக வந்து, நாளைக்கு எப்படி சார் என்பார்கள். ஆரம்பத்தில் ஒரு சோக்குக்கு வானத்தை அண்ணாந்து பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு முறை பலித்தது, மூன்றாவது முறை ஒருத்தருடைய பச்சைச் செங்கல் மொத்தமும் கரைந்தது.

அதோடு புத்தி வந்தது. வளவனூர் வியாபாரி ஒருவர், மூட்டை மூட்டையாக மல்லாட்டை வாங்கிக் காயப்போட்டிருந்தவர், இரண்டு நாள் வெயில் நிற்குமா என்று கேட்டார். தெரியாதுங்க என்றேன். மனுஷர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தெரியாதுன்னு சொல்றதுக்கா சார் அவ்ளோ தூரம் போய்ப் படிக்கப் போறீங்க?”

கெஞ்சினால் கிடைக்கும்

நீங்கள் ஏன் இந்தப் படிப்புக்கு வருகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். கரை உடைந்த கதையை எழுதி, மாசிலாமணியிடம் கொடுத்தேன். விழுப்புரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தவர். நல்ல மனுஷர், விரல் மின்னல். ஒரே குறை, கையில் கொடுத்ததை அப்படியே அடிக்க மாட்டார்.

வாங்கிப் பார்த்தால் எனக்குப் பகீரென்றது. கரையைக் காணோம், ஏரியைக் காணோம். பெரிய குடும்பத்துக்கு மூத்த பிள்ளையாகிய நான், கருணை கூர்ந்து ஓர் இடம் தரும்படி துரை அவர்களின் சமூகத்தில் பணிந்து வேண்டுவதாகவும், ஆயுள் உள்ளவரை அவருடைய குடும்ப க்ஷேமத்துக்குப் பிரார்த்திப்பதாகவும் இருந்தது. என்னங்க இது அநியாயம் என்றேன். மாசிலாமணி கொஞ்சமும் அசரவில்லை. “முப்பது பேருக்கு இதே மாதிரி அடிச்சி வேல வாங்கிக் குடுத்திருக்கேன் சார். அமெரிக்காக்காரன் மட்டும் இன்னா, கெஞ்சினா எறங்க மாட்டானா?”

ஒரு கால் போதும்

அடுத்தது சிபாரிசு. எங்கள் மேலதிகாரி அசிஸ்டென்ட் இன்ஜினியர்; ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் பாக்கி. பேனாவைத் திறக்கும் முன் மூன்று தடவை யோசிப்பார். அமெரிக்காவிலிருந்து வந்த படிவத்தில், இந்த ஆளின் குறைகள் என்ன என்று ஒரு கேள்வி. ‘இல்லை’ என்று எழுதினார். பிறகு, குறையே இல்லாதவனை ஏன் அனுப்புகிறாய் என்று கேட்பான் என்று அதை அடித்தார். ‘உண்டு’ என்று எழுதினார். குறையுள்ளவனை இத்தனை நாள் ஏன் வைத்திருந்தாய் என்று கேட்பான் என்று அதையும் அடித்தார். கடைசியில் அந்த இடத்தில் ஆபீஸ் முத்திரையைக் குத்தி நிரப்பிவிட்டார்.

இன்னொரு கேள்வி: உங்களிடம் வேலை பார்த்தவர்களில் இவர் முதல் ஐந்து சதவீதத்தில் வருவாரா, பத்தா, இருபத்தைந்தா? ஐந்தில் டிக் போடச் சொல்லி நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “என்கிட்ட இருக்கறதே நாலு பேரு. அஞ்சு பர்சென்ட்டுன்னா உன் ஒரு கால் மட்டும்தான்யா தேறும். காலை மட்டும் அனுப்பட்டுமா?”

மில்லும் மேகமும்

மூன்று பல்கலைக்கழகங்கள் கையை விரித்துவிட்டன. பொறியாளரான உங்களுக்கு எதற்கு இந்த வேலை என்பதை மரியாதையாக எழுதியிருந்தார்கள். மிச்சம் ஒன்றே ஒன்று. அங்கிருந்து ஒரு பேராசிரியர் எழுதினார்: இங்கே வருகிறவர்கள் பௌதிகமும் கணிதமும் படித்தவர்கள், வளிமண்டலம் பற்றி நீங்களாக எதையாவது யோசித்ததுண்டா, உண்டென்றால் அனுப்புங்கள். இதுவும் போனால் எனக்குப் போக்கிடம் இல்லை. மதகில் கிரீஸ் தடவிக்கொண்டே ரிட்டயர் ஆக வேண்டியதுதான்.

என்னிடம் இருந்தது மழை ரிஜிஸ்டர். விழுப்புரத்தில் ஒரு மழைமானி, திண்டிவனத்தில் ஒன்று. மேலே புனல், கீழே பாட்டில். தினமும் காலை எட்டரைக்குப் பாட்டிலில் இருப்பதை அளந்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும், அவ்வளவுதான். பத்து வருஷத்து ரிஜிஸ்டரைக் கிழமைவாரியாகப் பிரித்துப் போட்டேன். நம்பாமல் இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தேன். திண்டிவனத்தில் ஞாயிற்றுக்கிழமை மழையே இல்லை. திங்கட்கிழமை இரண்டு மடங்கு. விழுப்புரத்தில் அப்படி ஒன்றும் இல்லை, எல்லாக் கிழமையும் ஒன்றுபோல.

காரணம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. திண்டிவனத்து ரைஸ் மில்களுக்கு ஞாயிறு விடுமுறை. புகை இல்லை, புகைத்தூள் இல்லாவிட்டால் மேகத்தில் துளி திரளாது, மழை இல்லை. திங்கட்கிழமை எல்லா மில்லும் ஒன்றாக பாய்லரை மூட்டுகிறது, கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் எஞ்சினுக்கு ஏது ஞாயிறு? அதனால் அங்கே வித்தியாசம் இல்லை. எவ்வளவு கச்சிதம்! எட்டுப் பக்கம், நான்கு வரைபடம். மாசிலாமணி முதல் தடவையாக ஒரு வார்த்தை மாற்றாமல் அடித்துக் கொடுத்தார். “கரெக்ட்டு சார். எங்க அக்கா பொண்ணு கல்யாணம் திண்டிவனத்துல, திங்கக்கெழம. பந்தல் மொத்தமும் ஒழுவிச்சி!”

கோவிந்தசாமியின் பசுமாடு

கட்டுரை போய் மூன்று வாரம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன், பிடித்துக்கொண்டது மழை. செருப்பு ஒன்று அதோடு போயிற்று. மறுநாள் ஞாயிறு முழுக்கச் சுள்ளென்று வெயில். திங்கட்கிழமை ஆய்வுக்குப் போனவன் சும்மா மழை ரிஜிஸ்டரைப் புரட்டினேன். ஞாயிறு காலை: மழை இல்லை. திங்கள் காலை: இரண்டேகால் அங்குலம்.

சனிக்கிழமை சாயங்காலம் என்னை நனைத்த மழை ஞாயிறு காலைக் கணக்கில் அல்லவா இருக்க வேண்டும்! மழைமானியை அளப்பவர் கோவிந்தசாமி. எங்கள் ஆபீஸ் லஸ்கர். மதகு திறப்பதும் கரை காப்பதும் அவர் வேலை. கிளியனூர்க்காரர். கூப்பிட்டு, நேற்றுக் காலையில் அளந்தீர்களா என்றேன். மனுஷர் மழுப்பவே இல்லை. சனிக்கிழமை மத்தியானம் ஊருக்குப் போய்விடுவார்; வீட்டில் கறவை மாடு, சம்சாரத்தை அண்டவிடாது, மற்ற நாளில் கறந்து தருகிற பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார். திங்கட்கிழமை முதல் பஸ்சில் வந்து அளப்பார். இடையில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் காலியாக இருந்தால் மேலே கேட்பார்களே என்று ‘இல்லை’ போட்டுவிடுவார். இத்தனை வருஷமுமா என்றேன். ஆமாம் என்றார். என் ரைஸ் மில், பாய்லர், புகைத்தூள் எல்லாம் ஒரு பசுமாட்டிடம் தோற்றுப்போய் நின்றன.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கத்திவிட்டேன். கோவிந்தசாமிக்கு என் கோபம் நிஜமாகவே புரியவில்லை. “மழ எங்கனா ஓடிப்பூட்டுதா சார்? பாட்டில்லதான இருந்துச்சி. ஞாயித்துக்கெழம மழய திங்கக்கெழம அளந்தா கொறஞ்சா பூடும்?”

மானம் போகிறது

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கட்டுரை அமெரிக்காவில் இருக்கிறது. சொல்லிவிட்டால் சீட்டு போச்சு. சொல்லாவிட்டால் சீட்டு கிடைக்கலாம். ஆனால் அந்த வகுப்பில் உட்கார்ந்து மழையைப் பற்றி ஒருத்தர் பாடம் நடத்தும்போதெல்லாம் கோவிந்தசாமியின் மாடு என்னைப் பார்த்துக் கத்தும். கரை உடைந்ததற்காகப் படிக்கக் கிளம்பியவன், இல்லாத மழையைச் சொல்லி இடம் பிடிப்பதா? எனக்கே என்மேல் வெட்கமாக இருந்தது. ஞாயிறு, திங்கள் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிப் பார்த்தேன். திண்டிவனமும் விழுப்புரமும் அச்சாக ஒன்றாகிவிட்டன.

மேலதிகாரியிடம் விஷயத்தைச் சொல்லி, உண்மையை எழுதிவிடப் போகிறேன் என்றேன். கோவிந்தசாமி மேல் நடவடிக்கை எடுப்பார் என்று பயந்தேன். அவர் கவலை வேறு. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “பத்து வருஷ ரிஜிஸ்டர்ல மாசா மாசம் ‘சரி பார்த்தேன்’னு கையெழுத்துப் போட்டவன் நான்யா. போறதுதான் போற, அமெரிக்காவுல போய் என் மானத்தயும் வாங்கணுமா?”

ஏரோகிராம்

ஒருத்தர் பெயரும் போடாமல் எழுதினேன். நான் அனுப்பியது மழையைப் பற்றிய கண்டுபிடிப்பு அல்ல, அளப்பவரின் விடுமுறையைப் பற்றியது. திருத்திய கணக்கு இதோ. என் விண்ணப்பத்தைத் தாங்கள் குப்பையில் போட்டால் வருத்தப்பட மாட்டேன் என்று. கடைசி வரி பச்சைப் பொய். விழுப்புரம் ஸ்டேஷன் தபால் பெட்டி வாயில் ஏரோகிராமைப் பாதி நுழைத்துவிட்டு, விடுவதா வேண்டாமா என்று நின்றேன். எனக்குப் பின்னால் கார்டு போட வந்த பெரியவர் ஒருவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். “ஜல்தி போடு தம்பி. ஒரு லெட்டருக்கு இம்மா நேரம் நின்னுக்கினு இருந்தா, எனுக்கு ரயிலு போயிடும்.”

போட்டுவிட்டேன்.

பதில்

பங்குனியில் வந்தது. கனமான கவர். பிரிக்காமலே அரை மணி நேரம் மேஜை மேல் வைத்துக்கொண்டிருந்தேன். மேலதிகாரிதான், “உன்னால பேஜாரு, குடுய்யா” என்று வாங்கி ஓரத்தைக் கிழித்தார். பேராசிரியர் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: “உங்கள் முதல் கட்டுரையைப் படித்துவிட்டு, இடமில்லை என்று கடிதம் தயார் செய்திருந்தேன். தபாலில் சேர்ப்பதற்குள் உங்கள் ஏரோகிராம் வந்தது. ஒரு சந்தேகத்தில் எங்கள் ஊர் ரிஜிஸ்டரையும் கிழமைவாரியாகப் பிரித்துப் பார்த்தோம். முப்பது வருஷமாக எங்களுக்கு மழை அளந்து தருகிறவர் ஒரு விவசாயி. இங்கேயும் ஞாயிற்றுக்கிழமை மழை பெய்வதில்லை. செப்டம்பரில் வந்து சேருங்கள், வேலை நிறைய இருக்கிறது.”

நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே ஞாபகமில்லை. மேலதிகாரி, தன் பெயர் எங்கேயும் இல்லை என்று இரண்டு தடவை பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மறுநாள் திண்டிவனம் போய்க் கோவிந்தசாமியிடம் கடிதத்தை வரிவரியாகச் சொன்னேன். சீட்டு கிடைத்ததைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். அமெரிக்க விவசாயியின் விஷயம் வந்ததும் முகம் வாடிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். “அந்த ஆளு வூட்லயும் மாடு கன்னு இருக்கும் சார். நீங்க போயி அவர ஒண்ணும் சொல்லிடாதீங்க, பாவம்.”

இன்றைக்கும் எந்த ஊர் மழைக் கணக்கை என் கையில் கொடுத்தாலும், மழை எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால், அளந்தவர் வீட்டில் கறவை மாடு உண்டா என்றுதான் கேட்கிறேன்.