நின்ற பஸ்

குருபரப்பள்ளியில் அப்போது கிருஷ்ணகிரிச் சந்தை நாளில் மட்டும்தான் பஸ் நிற்கும். மற்ற நாளில் ஏற ஆளில்லை என்று போய்விடும். ஆளிருந்தால் தினமும் நிறுத்துவதாகப் பஸ் முதலாளி சொன்னதால், அவர் பார்க்க வந்த அன்று ஊரார் பயணம் போகிறவர்கள் போல மூட்டைகளோடு சாலையில் நின்றார்கள். எனக்கு மட்டும் நிஜமாகவே போக வேண்டும். அம்மா கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள்.

முதலாளி பஸ்ஸிலிருந்து இறங்கி ஒருவரின் மூட்டையைப் பிரித்தார். உள்ளே வைக்கோல்.

"என்னாப்பா, வைக்கோலுக்கும் டிக்கெட் எடுப்பியா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவர் என்னிடம் திரும்பினார்.

"நீயும் சும்மாதான் நிக்கிறியாம்மா?"

கூச்சத்தில் நானும் சிரித்தேன். பஸ் போய்விட்டது.

வெயிலில் நடந்தே போய்ச் சேர்ந்தேன்.

"பஸ்ஸு நிக்கலியாடி?" என்றாள் அம்மா.

"நிக்கல" என்றேன். நின்றது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.